எண்ணச் சுழற்சி நோயும் மூளை விளக்கமும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நோய்க்குக் காரணங் கற்பிக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. நோயாளி யார், சோம்பேறி யார் என வரையறுக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்ற வினாவினின்றும் அவ்வரலாற்றைப் பிரித்தல் இயலாது. எண்ணச் சுழற்சி நோய் என இன்று வழங்கும் உளநோய்க்கு, மூளையை அடிப்படையாகக் கொண்டு தரப்படும் விளக்கத்தை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத்திலே வைத்து நோக்குவதே இக்கட்டுரையில் எமது முயற்சியாகும்.

விரும்பாத எண்ணமொன்று மீண்டும் மீண்டும் எழுந்து வருத்துதலும், அவ்வருத்தத்தைத் தணிக்கும் பொருட்டுக் கழுவுதல், எண்ணுதல், சரிபார்த்தல் முதலிய செயல்களை ஒருவர் ஓயாது செய்தலும் இந்நோயின் இயல்புகளாம். தம் செயல் பொருளற்றதென்பதை நோயாளி பெரும்பாலும் அறிவார். அறிந்தும் நிறுத்த இயலாமையே அவரது துன்பம்.

இத்தகைய ஒருவரைத் தோட்ட வாழ்வினுள் நிறுத்திப் பார்ப்போம். இறப்பர்ப் பால் குளிர்ந்த வேளையிலேயே நன்கு வடியும். ஆதலின் பால் வெட்டுபவர் விடியுமுன்பே வேலைக்கு ஆயத்தமாக வேண்டும். லயத்தார் அனைவர்க்கும் பொதுவான பீலியிலே ஒருவர் கையைக் கழுவிக் கழுவி நிற்பாராயின், பின்னால் நிற்போர் பொறார். அவர் பெரட்டுக்குப் பிந்துவார். பிந்தினால் அரைப்பேர், அன்றேல் பேரே இல்லை. வீட்டார் செய்வினையென ஐயுற்றுக் கோடாங்கியை நாடுவர். வேலை வாங்குவோர் சோம்பல் என்பர். இவற்றுள் முதலாவது விளக்கம் விஞ்ஞானத்துக்குப் புறம்பானதாயினும் நோயாளியைக் குற்றவாளியாக்குவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இரண்டாவது விளக்கமோ நோயைக் குணக்கேடாக மாற்றி, அதற்குரிய தண்டத்தை நாட்கூலியிலே அறவிடுகின்றது.

அரசின் கண்ணுக்கும் இந்நோயாளி புலப்பட்டாரல்லர். 1873ஆம் ஆண்டின் பித்தர் கட்டளைச் சட்டமும், அதன் வழிவந்த ஏற்பாடுகளும் உளநோயாளரைக் காவலில் வைத்தலையே முதன்மையாகக் கருதின. எவரையும் அச்சுறுத்தாது பீலிக்கரையில் நின்று கை கழுவுபவரை அங்கொடைக்கு அனுப்பவேண்டிய தேவை எவர்க்கும் எழுவதில்லை. மௌனமான நோய் மௌனமாகவே விடப்பட்டது.

மேற்குலகிலும் மூளை விளக்கம் ஒருநாளில் எழுந்ததன்று. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில் இத்தகைய நோயாளி ஒருவரை விவரித்தார். புரொய்ட் 1909இல் நனவிலி மனத்தின் முரண்பாடுகளிலே இதன் வேரைத் தேடினார். 1917இல் வியன்னாவில் வொன் எக்கொனோமோ விவரித்த உறக்க மூளையழற்சியோ புதியதொரு வாயிலைத் திறந்தது. அந்நோயிலிருந்து பிழைத்தோர் சிலரிடம் உடல் விறைப்போடு, அடக்கவியலா எண்ணங்களும் தோன்றின. எண்ணத்தின் பிடிவாதத்துக்கும் மூளைத் திசுவின் பழுதுக்கும் தொடர்பிருத்தல் கூடுமென்பது இதனாற் புலனாயிற்று. 1960களின் பிற்பகுதியில் குளோமிப்பிரமின் என்னும் மருந்து இந்நோயைத் தணிப்பது அறியப்பட்டது. 1987இல் லொஸ் ஏஞ்சல்சில் லூயிஸ் பாக்ஸ்ரர் குழுவினர், கண்குழிக்கு மேலமைந்த மூளைப் புறணியும், மூளையின் ஆழத்தேயுள்ள வாலுருக் கருவும் இந்நோயாளரிடம் மிகையாகத் தொழிற்படுவதைப் படமெடுத்துக் காட்டினர். புறணியையும் ஆழ்பகுதிகளையும் இணைக்கும் நரம்புச் சுற்று ஓய வேண்டிய வேளையில் ஓயாமையினாலேயே, முடிந்த செயல் முடிந்ததாக உணரப்படுவதில்லை எனக் கருதப்படுகின்றது.

எனினும் இவ்விடத்து எமது கவனத்துக்குரியது அதே குழுவினரின் 1992ஆம் ஆண்டு ஆய்வே. மருந்தினாற் குணமடைந்தோரிடம் மட்டுமன்றி, அஞ்சியதை எதிர்கொண்டு பழகும் நடத்தைச் சிகிச்சையினாற் குணமடைந்தோரிடத்தும் வாலுருக் கருவின் தொழிற்பாடு மாறியிருந்தது. சொல்லும் பயிற்சியும் மூளை என்னும் சடப்பொருளை மாற்ற வல்லன. மூளை மனத்தை ஆளும் ஒருவழிப் பாதையாகவே இவ்வுறவைக் காண்பது இயந்திரவியற் பொருள்முதல்வாதமேயன்றி இயங்கியல் ஆகாது.

இன்னொரு சான்றும் உண்டு. தொண்டையில் ஏற்படும் ஸ்ரெப்ரோகொக்கஸ் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல், சில சிறுவரிடம் சிடன்ஹாம் கோரியா என்னும் வலிப்பசைவு நோயைத் தோற்றுவிக்கும். அவர்களிடம் எண்ணச் சுழற்சியும் காணப்படுவதுண்டு. அத்தொற்று, கோரியா இன்றியும், இந்நோயைத் திடீரெனத் தோற்றுவிக்கலாம் என 1998இல் சூசன் சுவீடோ குழுவினர் அமெரிக்காவில் முன்வைத்த கருத்து இன்றும் விவாதத்துக்குரியது. ஆயின் வாதக் காய்ச்சல் நெரிசலோடும் வறுமையோடும் பிணைந்த நோயென்பதில் ஐயமில்லை. இங்ஙனம், மண்டையோட்டினுள் தொடங்கிய ஆராய்ச்சி பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவின் வாசலில் வந்து நிற்கின்றது. இதனால் எண்ணச் சுழற்சி லயத்துக்குரிய நோயென்று கூறிவிடலாகாது. பரம்பரைக்கும் இதிற் பங்குண்டு; துரை பங்களாவையும் இது விட்டுவைப்பதில்லை. வேறுபடுவது, நோய்க்குக் கிடைக்கும் பெயரும் பராமரிப்புமே.

தோட்ட வரலாறு இதற்கு நல்லதோர் உவமானந் தருகின்றது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு இலங்கைத் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. சோம்பலென ஏசப்பட்ட தளர்ச்சியின் பின்னே குருதிச்சோகை இருந்தது. அதன் பின்னே குடலிற் குருதி குடிக்கும் புழு இருந்தது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் மருந்து புழுவை வெளியேற்றிய பின்னரும், போதிய மலகூடங்கள் அமையாத தோட்டங்களில், வெறுங்காலுடன் அதே மண்ணை மிதித்தோரிடம் புழு மீண்டும் குடியேறிற்று.

சப்ரகமுவ மண்ணிலேயே மற்றொரு பாடமும் உண்டு. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. நுளம்பே நோய் பரப்பியது என்பது உண்மை. பொருளாதார மந்தத்தில் நலிந்திருந்த வயிறுகளையே மரணம் பெரிதும் தேடிற்று என்பதும் உண்மை. சூரியமல் இயக்கத்தினர் மருந்தோடு உணவும் கொண்டு சென்றமைக்குக் காரணம் இதுவே. கலாநிதி என். எம். பெரேரா ‘பருப்பு மாத்தயா’ எனப் பெயர் பெற்றதும் இப்பணியினாலேயாம்.

புழுவையும் நுளம்பையும் போன்றே நரம்புச் சுற்றும் ஓர் உண்மை. அதனை முதலாளித்துவ விஞ்ஞானமென ஒதுக்குவது பேதைமை. செய்வினை அச்சத்தையும் சோம்பல் என்னும் பழியையும் ஒருங்கே அகற்ற வல்லது அது. ஆனால் அவ்வுண்மை தொழிலாளியைச் சென்றடைவதற்கு, அவரது மொழியிலே பேசும் மருத்துவரும், சிகிச்சைக்குச் செல்லும் நாளிற் பேர் வெட்டப்படாத உரிமையும் வேண்டும். தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளின் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனி நிருவாகத்தின்கீழ் வந்தன. லயங்களோ இன்றும் முற்றாக மறையவில்லை. மூளையை ஆராய்வோர் அம்மூளை எந்தக் கூரையின்கீழ் உறங்குகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியே முழுமையான பொருள்முதல்வாதம் ஆகுமென்பது எமது துணிபு.