புது பெயிண்ட் அடித்த காருக்கு எப்போது வாக்ஸ் போடலாம்? - ஒரு சிறு வரலாறு

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று வழியெல்லாம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளைப் பார்க்கலாம். அடிபட்ட காரை ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். வண்டியை எடுத்துப் போக வருகிறவர்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வாக்ஸ் எப்பங்க போடலாம்?"

ஒருவர் ஒரு மாதம் என்பார். இன்னொருவர் மூன்று மாதம் தொடவே கூடாது என்பார். புதுக் கார் வாங்கிய ஷோரூமில் கேட்டால் இன்றைக்கே போடலாம் என்று சொல்லி விலைப் பட்டியலை நீட்டுவார்கள். இதில் யார் சொல்வது சரி?

வேடிக்கை என்னவென்றால், மூன்று பேரும் சொல்வது சரியாக இருக்கலாம்! ஏனென்றால் மூன்று பேரும் ஒரே பெயிண்டைப் பற்றிப் பேசவில்லை. கார் பெயிண்டின் நூறு ஆண்டு வரலாறு தெரிந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குதிரை வண்டி வார்னிஷ்

சென்னையில் 1840-ல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் முதலில் கோச்சு வண்டிகள் கட்டிய நிறுவனம். 1903-ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அதுதான் என்பார்கள். அந்தக் காலத்தில் உலகில் எங்குமே கார் பெயிண்ட் என்று தனியாக ஒன்று கிடையாது. குதிரை வண்டிக்கு அடித்த அதே எண்ணெய் பெயிண்டையும் வார்னிஷையும்தான் காருக்கும் பிரஷ்ஷால் அடித்தார்கள்.

ஆளி விதை எண்ணெய் கலந்த இந்த வகை பெயிண்ட் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு தேய்த்து, அடுத்த பூச்சு அடிக்க வேண்டும். ஒரு காருக்கு பெயிண்ட் வேலை முடிய வானிலையைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரம் ஆனதாக ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் எழுதியிருக்கிறார். அத்தனை நாளும் காயப்போட்ட கார்களை நிறுத்தவே பெரிய கொட்டகைகள் வேண்டியிருந்தது.

டூக்கோ வந்த கதை

1923-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. துப்பாக்கி மருந்தாகப் பயன்பட்ட கன்காட்டனுக்கு இது நெருங்கிய உறவு! ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்தான் முதலில் இந்த பெயிண்டோடு நீல நிறத்தில் வந்தது. வாரக் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்கியது. பிரஷ் போய் ஸ்ப்ரே கன் வந்தது.

இந்த பெயிண்ட் இந்தியாவுக்கும் வந்து, "டூக்கோ பெயிண்டிங்" என்பது ஒரு தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. எந்த கம்பெனி டப்பாவாக இருந்தாலும் டூக்கோ என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு.

காத்திருக்க வேண்டும் என்ற பேச்சுக்கு நல்ல காரணம் இந்த லேக்கரில்தான் இருக்கிறது. லேக்கர் எந்த ரசாயன மாற்றமும் இல்லாமல், தின்னர் ஆவியாவதால் மட்டுமே காயும். முதலில் மேல்பகுதி காய்ந்து மூடிக்கொள்ளும். அடியில் உள்ள தின்னர் பல வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதற்குள் மேலே மெழுகைப் பூசினால், ஈரத் துணியை மடித்து பீரோவுக்குள் வைத்த கதைதான். பளபளப்பு மங்கும், சில இடங்களில் பெயிண்ட் மென்மையாகவே நிற்கும். போதாக்குறைக்கு வாக்ஸ் டப்பாவிலேயே கரைப்பான் இருக்கும். அது பச்சை பெயிண்டைத் தொட்டால் மேற்பரப்பு இளகும்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்ட் பரப்பு குளிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து வெள்ளை பூத்துவிடும். அதனால்தான் பழைய பெயிண்டர்கள் மழை நாளில் கன்னைக் கையில் எடுக்கத் தயங்குவார்கள்.

வண்டலூரும் மறைமலைநகரும்

தாம்பரத்துக்கு அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை இருந்தது. 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. இந்த காரின் நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டும்தான் தயாரானது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. கார் கிடைப்பதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில் ஒரே வண்டியை பல முறை பெயிண்ட் அடித்து ஓட்டினார்கள். பெயிண்டரின் பேச்சுதான் வேதவாக்கு. "மூணு மாசம் வாக்ஸ் தொடாதீங்க" என்ற பேச்சு நிலைத்ததும் இப்படித்தான்.

1999-ல் மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே ஐகான் கார் தயாரானது. 2022-ல் அங்கும் கார் உற்பத்தி நின்றது. ஆனால் இதைப் போன்ற நவீன தொழிற்சாலைகள் கதையையே மாற்றிவிட்டன. இங்கே காரின் உடலை முதலில் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் மூலம் பூச்சு ஏற்றுவார்கள். பிறகு பேஸ் கோட், கிளியர் கோட். இதை எல்லாம் அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். கிளியர் கோட் மட்டும் சுமார் 140 டிகிரி செல்சியஸில் வேகும். அடுப்பை விட்டு வெளியே வரும்போதே பெயிண்ட் முழுதாக இறுகிவிடும். அதன்பிறகு சீட், வயர் எல்லாம் பொருத்தி, லாரியில் ஏற்றி, ஷோரூமுக்கு வரவே பல நாட்கள் ஆகும். ஆகவே புதுக் காருக்கு காத்திருக்கவே தேவையில்லை.

அப்படியானால் பட்டறையிலும் 140 டிகிரியில் சுட்டால் என்ன? முடியாது. தொழிற்சாலையில் சுடுவது வெறும் தகர உடலை. பட்டறைக்கு வருவது முழுக் கார். வயர், ரப்பர், பிளாஸ்டிக், பெட்ரோல் டேங்க் எல்லாம் அதிலேயே இருக்கும். அதனால் நல்ல பெயிண்ட் பூத்திலேயே சுமார் 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்வார்கள். தெருவோரப் பட்டறையில் அதுவும் இல்லை. வெயில்தான் அடுப்பு!

ஹார்டனர் கலக்கும் காலம்

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 2கே என்றும் பி.யு. என்றும் சொல்லப்படும் பாலியூரித்தேன் பெயிண்ட். இதன் வேதியியலை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்தார். அடிக்கும் முன் ஹார்டனர் கலந்தால் போதும், அடுப்பு இல்லாமலே இரண்டும் பிணைந்து இறுகும். சில மணி நேரத்தில் கையில் ஒட்டாது. ஆனால் முழுதாக இறுக நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஈரக் காற்று பட்டால் ஹார்டனர் தண்ணீரோடு வினைபுரிந்து வாயு உண்டாகி, ஊசி முனை அளவில் துளைகள் விழுவதும் உண்டு.

இந்த வகைக்குத்தான் 30 நாள் முதல் 90 நாள் வரை என்று பெயிண்டையும் கம்பெனியையும் பொறுத்துச் சொல்கிறார்கள். இன்றைய 2கே பெயிண்டுக்கு இவ்வளவு நாள் தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் காத்திருப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவசரப்பட்டால்தான் பெயிண்ட் காசு வீணாகும்.

ஆக, என்ன செய்யலாம்?

- தொழிற்சாலை பெயிண்டோடு வந்த புதுக் கார் என்றால் உடனே வாக்ஸ் போடலாம்.
- பூத்தில் சுட்ட 2கே என்றால் ஒரு மாதம் கழித்து.
- வெயிலில் காய்ந்த 2கே, அதுவும் மழைக்காலம் என்றால் இரண்டு, மூன்று மாதம்.
- லேக்கர் என்றால் மூன்று மாதம். அப்போதும் பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அதுவரை காரை அப்படியே போட்டுவிடவும் கூடாது. காக்கை எச்சம் பட்டால் அன்றே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பச்சை பெயிண்டை அது அரித்துவிடும். நிழலில் நிறுத்தி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மிஷின் பாலிஷ் வேண்டாம். சிலிக்கான் உள்ள பாலிஷும் வேண்டாம். மறுபடி ஒரு இடத்தில் பெயிண்ட் அடிக்க நேர்ந்தால், சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி குழி விழும்.

மெழுகு என்பது பிரேசில் நாட்டுக் கார்னாபா பனை ஓலையில் இருந்து வந்தாலும் சரி, ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்தாலும் சரி, காய்ந்த பெயிண்டுக்குத்தான் அது கவசம். ஆகவே வண்டியை எடுக்கும்போது "வாக்ஸ் எப்ப போடலாம்?" என்பதற்கு முன்னால், "என்ன பெயிண்ட் அடிச்சீங்க, சுட்டீங்களா?" என்று கேட்பது நல்லது. அந்த பதில் தெரிந்தால் எத்தனை நாள் என்பதும் தெரிந்துவிடும்.