சுகன்யா ராம்கோபால்

கர்நாடக இசை மேடையில் கடம் வாசித்த முதல் பெண் கலைஞராக அறியப்படுபவர். 1957-இல் மயிலாடுதுறையில் பிறந்தார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரின் கொள்ளுப்பேத்தி. சென்னையில் பயின்று, பெங்களூரில் வாழ்ந்து வருகிறார்.

கடம் பார்வைக்கு வெறும் பானைதான். ஆனால் சமையல் பானையைத் தட்டினால் இந்த நாதம் வராது. மண்ணோடு உலோகத் துகள் கலந்து, சுவர் கனம் எங்கும் சீராக வரும்படி மரப்பலகையால் தட்டித் தட்டி உருவாக்கிச் சூளையில் சுடுகிறார்கள். சுட்ட பிறகு சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. அதனால் பாடகரின் சுருதிக்கு ஏற்ற கடத்தைக் கலைஞர் தேடி எடுத்து வர வேண்டும். மானாமதுரைக் கடம் கனமானது. விரலிடம் அது கேட்கும் உழைப்பும் அதிகம். சென்னைக் கடம் அதைவிட இலேசு. மானாமதுரையில் இதைச் செய்துவந்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. ஆக, பெண் கை பட்டு உருவான வாத்தியத்தைப் பெண் வாசிக்கக் கூடாது என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது.

ஆலங்குடி ராமச்சந்திரன், உமையாள்புரம் கோதண்டராமையர் போன்றோர் கடத்துக்கு மேடையில் மதிப்புத் தேடித் தந்தார்கள். விக்கு விநாயக்ராம் அதை ‘சக்தி’ குழுவின் வழியே உலக மேடைக்குக் கொண்டுபோனார். அந்த வரிசையில் பெண் பெயர் இல்லை. கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலியை எழுப்புவது வழக்கம். ஆண்கள் சட்டையைத் திறந்துவிட்டு வெறும் வயிற்றில் வைத்து வாசிப்பார்கள். பெண்ணுக்கு இது ஒத்துவராது, விரலும் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். தாள வாத்தியத்தில் முன்மாதிரியே இல்லை என்றும் சொல்ல முடியாது. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், சுகன்யாவுக்கு வெகு முன்பே மிருதங்கம் வாசித்தவர்.

திருவல்லிக்கேணியில் டி.ஆர். ஹரிஹர சர்மா 1958-இல் தொடங்கிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாள வாத்திய வித்யாலயாவுக்குச் சிறுமி சுகன்யா வயலின் கற்கத்தான் போனார். பக்கத்து வகுப்பின் தாளச் சத்தம் அவரை இழுத்துவிட்டது. முதலில் மிருதங்கம் பயின்றார். பிறகு கடத்தின் மேல் மனம் போனது. சர்மாவின் மகனான விநாயக்ராம் முதலில் தயங்கினார். பெண்ணுக்கு இது கடினம் என்பது அவர் கருத்து. சர்மாவோ அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு தானே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பின்னர் விநாயக்ராமும் அவரைச் சீடராக ஏற்றார். விநாயக்ராம் பாணியின் விரலடிகளையும் பாடமுறையையும் சுகன்யா பிற்பாடு ‘சுநாதம்’ என்ற நூலாகவே எழுதிவிட்டார்.

கற்பதைவிட மேடையில் இடம் பிடிப்பதே கடினமாக இருந்தது. கடம் உபபக்கவாத்தியம், மிருதங்க வித்வானின் சம்மதம் இல்லாமல் அங்கே உட்கார முடியாது. பெண் வாசித்தால் நான் வாசிக்க மாட்டேன் என்று சிலர் மறுத்ததையும், அதனால் வாய்ப்புகள் கைநழுவியதையும் அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். விரலின் வலிமை பற்றிய பேச்சு இங்கே எடுபடவில்லை. தனி ஆவர்த்தனத்தில் சமமாகப் பதில் சொல்லும் பெண்ணை எதிரே வைத்துக்கொள்ள மனமில்லை என்பதே உண்மைக் காரணம் என்று தோன்றுகிறது.

அவர் கண்ட வழி இரண்டு. வெவ்வேறு சுருதியுள்ள ஆறேழு கடங்களை முன்னே பரப்பி, தாளத்தோடு ராகத்தையும் எழுப்பும் ‘கட தரங்கம்’ ஒன்று. வழக்கமாகப் பக்கத்தில் உட்காரும் வாத்தியம் இதில் நடுவுக்கு வந்தது. மற்றொன்று, 1995-இல் தொடங்கிய ‘ஸ்த்ரீ தாள் தரங்’ குழு. வீணை, மிருதங்கம், மோர்சிங் என வாசிப்பவர் எல்லோரும் பெண்களே. மோர்சிங்கில் பெயர் பெற்ற பாக்கியலட்சுமி எம். கிருஷ்ணாவும் இதில் வாசித்திருக்கிறார். மேடை தராத இடத்தை இப்படித் தானே உண்டாக்கிக்கொண்டது, என் கணிப்பில், ‘முதல் பெண்’ என்ற பட்டத்தைவிடப் பெரிய சாதனை.

கடக் கலைக்காக 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். இவருடைய மாணவி சுமனா சந்திரசேகர் கச்சேரிகளில் வாசிப்பதோடு, கடத்துடனான தம் பயணத்தை ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதியிருக்கிறார்.

இன்றும் ஒரு சாதாரணக் கச்சேரியில் மிருதங்கம், கடம் இரண்டிலும் ஆண்களே உட்காருவது வழக்கம். பெண் பெயர் மகளிர் தினத்தில்தான் முன்னுக்கு வருகிறது. மயிலாப்பூர்ச் சபாக்கள் ஒருபுறம் இருக்கட்டும். தாம்பரம், குரோம்பேட்டை முதல் சிறுசேரி வரை பெருகிவரும் புறநகர்க் குடியிருப்புகளில் மார்கழிக் கச்சேரி நடத்துபவர்கள், பக்கவாத்தியப் பட்டியல் போடும்போது இந்தப் பெண் கலைஞர்களையும் வழக்கமான நாட்களில் அழைக்க வேண்டும்.