வெள்ளகவி

வெள்ளகவி, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலையின் தென்சரிவில் அமைந்த சிற்றூர். மேலே வட்டக்கானலும் டால்பின் நோஸ் பாறையும், கீழே பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவியும் உள்ளன. இவ்விரண்டையும் இணைக்கும் பழைய மலைப்பாதையின் இடையில் இவ்வூர் இருக்கிறது. கொடைக்கானல் நகரம் தோன்றுவதற்கு முன்பே மக்கள் வாழ்ந்த ஊர் இது. அந்நகரத்தின் எழுதப்பட்ட வரலாறும் இங்கிருந்தே தொடங்குகிறது.

குடியேற்றம்

பழனி மலையின் பழைய வேளாண்குடிகளில் ஒரு பிரிவினர் குன்னுவர். இவர்களுக்கு மன்னாடியார் என்ற பெயரும் உண்டு. இவர்களுடைய வாய்மொழி மரபைத் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதியில் பதிவு செய்திருக்கிறார். அதன்படி, இவர்களின் முன்னோர் தாராபுரம், காங்கேயம் பகுதியைச் சேர்ந்த வேளாளர்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் சமவெளியில் நடந்த போர்களால் மலையேறினர் என்று ஒரு கதையும், பஞ்சத்தால் வந்தனர் என்று மற்றொரு கதையும் வழங்குகின்றன. விருப்பாட்சி, ஆயக்குடிப் பாளையக்காரர்கள் இவர்களுக்கு மலையில் நிலம் கிடைக்க உதவினர் என்றும் கூறப்படுகிறது.

அந்த நிலம் ஆளற்றுக் கிடந்ததல்ல. குன்னுவர் வருவதற்கு முன் அங்கே பயிர் செய்தவர்கள் புலையர். அவர்கள் நிலத்தை இழந்து, அதே நிலத்தில் பண்ணையாட்களாக மாறினர் என்பதையும் இம்மரபே சொல்கிறது. தேனும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்த பளியரும் இம்மலையின் தொல்குடிகள். மனிதர்கள் இங்கு வாழ்ந்த காலம் இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. தாண்டிக்குடி முதலிய இடங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. செண்பகனூர் ஏசுசபைத் துறவி ஆங்கிலேடும் நியூட்டனும் இம்மலையின் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது.

1821-ஆம் ஆண்டு நில அளவை

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ல், திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனியை எதிர்த்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கள் அடங்கிய பின் கம்பெனிக்கு மலையின் வரைபடம் தேவைப்பட்டது. லெப்டினன்ட் பி. எஸ். வார்டு 1821-ல் வராக மலை எனவும் அழைக்கப்பட்ட இம்மலையை அளக்க வந்தார். குன்னுவர் ஊராகக் குறிக்கப்படும் வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்து அவர் மேட்டுநிலத்துக்கு ஏறினார்.

கொடைக்கானலுக்கு வந்த முதல் ஐரோப்பியர் என்று வார்டு பல நூல்களில் குறிக்கப்படுகிறார். ஆனால் அவர் தங்குவதற்கு ஓர் ஊரும் ஏறுவதற்கு ஒரு பாதையும் அதற்கு முன்பே இருந்தன. மலை 'கண்டுபிடிக்கப்பட்டது' என்ற கூற்றை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும்.

விலகிச் சென்ற சாலை

வார்டுக்குப் பின் வந்தவர்கள் வேறு வழிகளை நாடினர். 1834-ல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டன் முதலியோர் தேவதானப்பட்டியிலிருந்து ஏறி, செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினர். 1845-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். சமவெளியின் வெப்பமும் நோயுமே அவர்களை அங்கே கொண்டுசென்றன. 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அந்த நிலையமே இன்று கொடைக்கானல் ரோடு எனப்படுகிறது. ஐரோப்பியர்கள் அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டியிலும், பின்னர் குதிரையிலும் டோலியிலும் சென்றனர். 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் வத்தலக்குண்டு வழியாக லாஸ் காட் சாலை போக்குவரத்துக்கு வந்தபோது, மலையின் நுழைவாயில் கிழக்குப் பக்கம் மாறிவிட்டது. தென்சரிவுப் பாதை ஊராரின் நடைபாதையாகவே நின்றது.

வாழ்க்கையும் வழக்கங்களும்

காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம் ஆகியவை இச்சரிவின் விளைபொருள்கள். குதிரைகளும் மனிதத் தோள்களுமே இவற்றைச் சந்தைக்குக் கொண்டுசென்றன. நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் டோலி கட்டித் தூக்கிச் சென்றதுண்டு. சிறிய ஊரானாலும் கோயில்கள் பல. ஊர் முழுவதையும் தெய்வத்தின் இடமாகக் கருதுவதால் எல்லைக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வெளியூரிலிருந்து வருபவர்களும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

நிர்வாகமும் காடும்

1985-ல் திண்டுக்கல் மாவட்டம் உருவானபோது வெள்ளகவி அதில் சேர்ந்தது. 1990-களின் பிற்பாதியில் பெரியகுளம் தேனி மாவட்டத்துக்குச் சென்றது. ஆகவே மலையிறங்கிச் செல்லும் சந்தை ஒரு மாவட்டத்திலும், மலையேறிச் செல்லும் அரசு அலுவலகம் இன்னொரு மாவட்டத்திலும் உள்ளன. சுற்றிலும் காடு என்பதால் சாலை அமைக்க 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. சரணாலயம் காட்டுக்கும் சோலைகளுக்கும் பாதுகாப்பு. ஆனால் மருத்துவமனைக்குச் செல்ல ஒரு வழி வேண்டும் என்ற ஊராரின் கோரிக்கை, சரணாலயத்தைவிடப் பல தலைமுறை பழையது.