பணிக்கரின் அக்டோபர்

கே.எம். பணிக்கர் என்ற பெயர் தமிழ்நாட்டில் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. மாநிலச் சீரமைப்புக் கமிஷனின் மூன்று உறுப்பினர்களில் அவர் ஒருவர். கன்னியாகுமரி நமக்கு வந்ததற்கும், தேவிகுளம், பீர்மேடு வராமல் போனதற்கும் அடிப்படை அந்தக் கமிஷனின் 1955 அறிக்கை. எல்லைப் போராட்டம் பற்றிப் பேச்சு வந்தால் "அந்த மலையாளி உறுப்பினர்" என்று அவரை இன்னமும் திட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை. அதே 1955-ல் அவருடைய இன்னொரு எழுத்தும் வெளிவந்தது. சீனாவில் இந்தியத் தூதராக இருந்த காலத்தைப் பற்றிய நினைவுக் குறிப்புகள். ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'இரண்டு சீனாக்களில்' என்று சொல்லலாம்.

ஏன் இரண்டு? 1948-ல் அவர் போய்ச் சேர்ந்தது சியாங் கை ஷேக்கின் தலைநகரான நான்கிங்குக்கு. மறு வருஷம் ஏப்ரலில் கம்யூனிஸ்ட் படை அந்த ஊரைப் பிடித்தபோதும் அவர் அங்கேயேதான் இருந்தார். 1949 டிசம்பர் 30 அன்று இந்தியா புதிய அரசை அங்கீகரித்தது. 1950 மே மாதம் அதே பணிக்கர் பீகிங்கில் மாவோவிடம் நியமனப் பத்திரத்தை நீட்டினார். தோற்றவனிடமும் ஜெயித்தவனிடமும் ஒரே ஆள் தூதராக இருப்பது அபூர்வம் இல்லையா?

இங்கே ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பணிக்கர் அடிப்படையில் சரித்திர ஆசிரியர். வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோடு வந்ததில் தொடங்கி சுமார் நானூற்றைம்பது வருஷம் ஆசியாவை மேற்கத்தியர் ஆண்ட கதைதான் அவர் வாழ்நாள் முழுக்க யோசித்த விஷயம். அதைப் பெரிய புத்தகமாக எழுதி 1953-ல் வெளியிட்டார். இப்படிப்பட்ட ஒருவர் 1950-ல் பீகிங்கில் இறங்கினால் என்ன பார்ப்பார்? நமக்கெல்லாம் ஒரு கட்சி ஆட்சியைப் பிடித்ததாகத் தெரியும். அவருக்கு, தான் எழுதிக்கொண்டிருந்த கதையின் கடைசி அத்தியாயம் கண்ணெதிரே நடப்பதாகத் தெரிந்திருக்கும். நல்ல புத்தகத்துக்கு இது நல்லது. தூதர் வேலைக்கு?

சரி, விஷயத்துக்கு வருவோம். 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. செப்டம்பரில் மெக்ஆர்தர் இஞ்சோனில் படையை இறக்கியதும் வட கொரியப் படை சிதறி ஓடியது. இப்போது கேள்வி, அமெரிக்கப் படை 38-வது இணைகோட்டைத் தாண்டி வடக்கே போகுமா என்பதுதான். செப்டம்பர் 25 அன்றே சீனத் தளபதி நியே ரோங்சென், அமெரிக்கர்கள் எல்லை வரை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று பணிக்கரிடம் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 2, நள்ளிரவு. தூங்கிக்கொண்டிருந்த பணிக்கரை எழுப்பி, பிரதமர் சௌ என்லாய் உடனே பார்க்க வேண்டும் என்கிறார் என்று தகவல். போனார். நேரு சமாதானத்துக்காக எடுக்கும் முயற்சிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு, சௌ நேராக விஷயத்துக்கு வந்தார். தென் கொரியப் படை கோட்டைத் தாண்டுவது வேறு, அமெரிக்கப் படை தாண்டினால் சீனா சும்மா இருக்காது.

அவர் பயன்படுத்திய சீனச் சொல் 'குவான்'. கவனிப்பது, பொறுப்பேற்பது, தலையிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கலான சொல். ஆனால் தமிழ்க் காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை. "அதை நாங்க பாத்துக்குவோம்" என்று ஒருத்தர் நிதானமாகச் சொன்னால், அது உதவியா மிரட்டலா என்பது சொல்கிற தொனியைப் பொறுத்தது. பணிக்கருக்குத் தொனி புரிந்தது. இரவோடு இரவாக டெல்லிக்குத் தந்தி போனது. அமெரிக்காவுக்கு பீகிங்கில் தூதரகமே கிடையாது என்பதால், இந்தியா வழியாகவும் பிரிட்டன் வழியாகவும்தான் அந்த எச்சரிக்கை வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது.

வாஷிங்டன் அதை நம்பவில்லை. ஐ.நா.வில் வரப்போகும் ஓட்டெடுப்பைக் கலைக்கச் சீனா போடும் நாடகம் என்று நினைத்தார்கள். அதைவிட முக்கியமான காரணம், செய்தியைக் கொண்டுவந்தவர் பணிக்கர். அவர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர், நடுநிலையான சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைத்ததாக ட்ரூமனே பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி பழக்கமானதுதான். ஆன்சைட்டில் ரெண்டு வருஷம் இருந்தவர் போனில் பேசும்போது 'அவங்க' என்பது மெல்ல 'நாங்க' ஆகிவிடும். அப்புறம் அவர் என்ன சொன்னாலும் "அவரு க்ளையன்ட் பக்கம் பேசுறாருப்பா" என்று இங்கே சிரிப்பார்கள், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும்.

இந்த முறை அவர் சொன்னது சரிதான். அக்டோபர் 7-ல் ஐ.நா. தீர்மானம் நிறைவேறியது, அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. 15-ம் தேதி வேக் தீவில் மெக்ஆர்தர், சீனா வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று ட்ரூமனிடம் உறுதி சொன்னார். 19-ம் தேதி சீனப் படை யாலு நதியைக் கடந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், அந்த நள்ளிரவில் சீனத் தலைமைக்குள்ளேயே போருக்குப் போவதா வேண்டாமா என்று வாக்குவாதம் முடிந்திருக்கவில்லை. நிறுத்த வாய்ப்பிருந்த கடைசி நாட்கள் அவை. அதற்குப் பிறகு 1953 ஜூலை வரை போர் நீண்டு, கிட்டத்தட்ட கிளம்பிய கோட்டுக்கே திரும்பி வந்து நின்றது.

இதோடு நிறுத்தினால் பணிக்கர் தீர்க்கதரிசி, மற்றவர்கள் முட்டாள்கள் என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் அதே அக்டோபர் முதல் வாரத்தில்தான் சீனப் படை கிழக்குத் திபெத்தில் சாம்டோவை நோக்கி நுழைந்தது. கொரியா விஷயத்தில் இவ்வளவு துல்லியமாகக் கேட்ட காது இங்கே மந்தமாகிவிட்டது. திபெத்துக்குள் படை போய்விட்டதை டெல்லி உறுதியாகத் தெரிந்துகொள்ளவே அக்டோபர் கடைசி ஆனது. இந்தியாவின் கவலையை அழுத்தமாகச் சொல்லவில்லை என்று நேருவுக்கே தூதர் மேல் அதிருப்தி. படேல் நவம்பர் 7-ம் தேதி நேருவுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், நம் தூதர் சீனாவின் செயல்களுக்கு விளக்கமும் நியாயமும் தேடுவதிலேயே குறியாக இருக்கிறார் என்ற பொருளில் கடுமையாகவே சொன்னார்.

என்னை உறுத்துவது இதைவிட முந்தைய ஒரு விஷயம். 1948-ல், நான்கிங்கில் இருந்தபோது, சீனா கம்யூனிஸ்ட் ஆனால் என்ன ஆகும் என்று பணிக்கரே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட சீனா திபெத்தைச் சேர்த்துக்கொண்டால், இமயமலை எல்லையில் உரிமை கொண்டாட அதற்குப் பெரிய பலம் வந்துவிடும் என்பது அதன் சாரம். அதாவது அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. இடையில் நடந்தது இரண்டுதான்: புதிய அரசு வந்தது, அந்த அரசின் மேல் அவருக்கு மதிப்பு வந்தது. காசுக்கோ பதவிக்கோ விலைபோனவர் என்று நான் நினைக்கவில்லை. ஆசியா எழுகிறது என்ற சரித்திர ஆசிரியரின் சந்தோஷம், தூதரின் பழைய குறிப்பைப் பரணில் போட்டுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

1952-ல் இன்னொரு தரமும் இது நடந்தது. திபெத் பற்றிய பேச்சில் சௌ எல்லைப் பிரச்சினையை எடுக்கவில்லை. நாமும் எடுக்க வேண்டாம், தீர்ந்துபோன விஷயமாகவே வைத்துக்கொள்வோம் என்பது பணிக்கரின் ஆலோசனை. வெளியுறவு அமைச்சகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவரான கிரிஜா சங்கர் பாஜ்பாய் இதை ஏற்கவில்லை. நேரு பணிக்கர் சொன்னதைக் கேட்டார். 1954 ஏப்ரலில் கையெழுத்தான திபெத் ஒப்பந்தத்தில் பஞ்சசீலம் இருந்தது, எல்லைக்கோடு பற்றி ஒரு வரி இல்லை.

புத்தகம் வந்த 1955, சீனாவும் இந்தியாவும் அண்ணன் தம்பி என்று கோஷம் போட்ட காலம். அதனால் அந்த நள்ளிரவுச் சந்திப்பைப் படிக்கும்போது எழுதியவரின் பெருமிதம் நன்றாகவே தெரிகிறது, அதில் தப்பும் இல்லை. ஏழு வருஷம் கழித்து, இன்னொரு அக்டோபரில், 1962 அக்டோபர் 20 அன்று, சீனப் படை நம் எல்லையில் தாக்கியது. பணிக்கர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 1963 டிசம்பர் 10-ல், மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருக்கும்போது இறந்தார்.