திண்ணையும் கதவு சாத்திய வகுப்பறையும்



"பிள்ளையின் வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்று பெற்றவர்கள் போய்ப் பார்க்கலாமா சார்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

நம் பக்கத்தில் முன்பு இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரலால் எழுத்து, வாய்விட்டு எண்சுவடி, பெரிய பையன் சட்டாம்பிள்ளை. தெருவில் போகிறவர் காதிலெல்லாம் பாடம் விழும். தகப்பன் காட்டுக்குப் போகும்போதே மகன் படிக்கிறானா என்று பார்த்துக்கொள்ளலாம். அங்கே மறைக்கக் கதவும் இல்லை, சுவரும் இல்லை.

பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தருமபுரியில் 1790-களில் வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பிறகு சென்னை மாகாண ஆளுநரானார். 1822-இல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமே கிடையாது. ஆகவே "எல்லோரும் பார்த்த பள்ளி" என்று பெருமை பேசும்போது, யாருடைய பிள்ளை உள்ளே இருந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1854-இல் உட்ஸ் அறிக்கை வந்தது. மானியம், பதிவேடு, ஆய்வாளர் என்று ஏற்பாடுகள் மாறின. ஆசிரியர் பதில் சொல்ல வேண்டியவர் ஊராரிலிருந்து ஆய்வாளராக மாறினார். கட்டடம் வந்தது, கதவும் வந்தது. ஆனால் அதே அரசுப் பள்ளிகள்தாம் காலப்போக்கில் திண்ணை ஒதுக்கிய பிள்ளைகளை உள்ளே அழைத்தன. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர் மக்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார்கள். பொருள் கொடுக்க ஊர் வந்தது; பாடத்தைப் பார்க்க வரவில்லை.

நான் பணியாற்றிய காலத்திலும் விசைத்தறிக்கும் களை வெட்டவும் போகும் தாய்மார்கள் பள்ளிக்கு வருவது சேர்க்கைக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும்தான். வந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார்கள். "உள்ளே வாம்மா" என்றால், "பரவாயில்லைங்க சார், வேலைக்கு நேரமாச்சு" என்பார்கள். நேரம் ஒரு காரணம். கூச்சம் பெரிய காரணம்.

பிறகு நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகள் பெருகின. தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். உறவுக்காரப் பையனைப் பார்க்க அப்படி ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். வரவேற்பறையோடு சரி, வகுப்பறை எந்தப் பக்கம் என்றுகூடக் காட்டவில்லை. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டியவர்களும் கூலிக்காரத் தாயைப் போலவே வாசலில்தான் நின்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது குழுவின் கடமை. 24-ஆம் பிரிவின்படி ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று இந்தச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு 21-ஆம் பிரிவும் பொருந்தாது.

கொரோனா காலம் ஒன்றைக் காட்டியது. செல்போனில் பாடம் நடந்தபோது பெற்றவர்கள் வகுப்பைக் கண்ணால் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையிலும் தெருமுனையிலும் பாடம் நடத்தினார்கள். அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை எந்தப் பிள்ளைக்கும் தடையில்லை.

கேமரா வைத்து வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்புப் பதில் சொல்லும் பிள்ளையை ஊரே போனில் பார்க்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பின்பெஞ்சில் அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். நல்ல ஆசிரியருக்கு அதில் பயமில்லை. உங்கள் பிள்ளையை மட்டுமல்ல, பக்கத்துப் பிள்ளையையும் கவனியுங்கள்.

2024-இல் மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அது நீங்கள்தான். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக் கூட்டம் என்றைக்கு என்று நாளைக்கே விசாரியுங்கள். போகும்போது, வாசலோடு நிற்கும் ஒரு தாயையும் உள்ளே அழைத்துப் போங்கள்.