கருப்பைக்குள் ஏற்றிய விளக்கு

இருட்டறையில் ஒரு பொருளைத் தேடுகிறவர் முதலில் விளக்கை ஏற்றுவார். பிறகுதான் கையை நீட்டுவார். ஆனால் கருப்பையைப் பொறுத்தவரை மருத்துவர்கள் நெடுங்காலம் இதற்கு மாறாகவே நடக்க வேண்டியிருந்தது. மிகுதியான உதிரப்போக்குடன் ஒரு பெண் வந்தால், கருப்பை வாயை விரித்து, கரண்டி போன்ற கருவியை உள்ளே செலுத்தி, உட்சுவரைச் சுரண்டி எடுப்பார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கையின் உணர்வே வழிகாட்டி. காம்பில் தொங்கும் சிறு சதை வளர்ச்சி கருவியில் சிக்காமல் நழுவிவிடுவதுண்டு. உதிரப்போக்கு மீண்டும் தொடங்கும். காரணம் புலப்படாமலே கருப்பை முழுவதையும் அகற்ற நேர்ந்ததும் உண்டு.

கருப்பையின் உட்புறத்தை நேரே பார்க்கும் முறைக்கு ஹிஸ்டெராஸ்கோப்பி என்று பெயர். தமிழில் கருப்பை அகநோக்கல் எனலாம். இதன் வரலாறு ஒரு மெழுகுவர்த்தியில் தொடங்குகிறது.

ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவர் ஃபிலிப் போஸினி 1806-இல் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். தகரக் கூட்டினுள் மெழுகுவர்த்தி. அதன் ஒளியைக் குழாய்க்குள் திருப்ப ஓர் ஆடி. உடலின் உட்குழிவுகளைக் காண்பதே அவர் நோக்கம். வியன்னாவின் மருத்துவப் பேராசிரியர்கள் அதை ஏற்கவில்லை. 1809-இல், டைஃபஸ் காய்ச்சல் கண்டு, 35 வயதிலேயே போஸினி இறந்தார்.

1853-இல் பாரிஸில் தெசோர்மோ என்பவர் மெழுகுவர்த்திக்குப் பதிலாகச் சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்கைப் பொருத்தினார். இவ்வகைக் கருவியைக் கொண்டுதான் 1869-இல் இத்தாலிய மருத்துவர் பந்தலியோனி, மாதவிடாய் நின்ற பின்பும் உதிரம் போய்க்கொண்டிருந்த 60 வயதுப் பெண் ஒருவரின் கருப்பைக்குள் பார்த்தார். அங்கே ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. வெள்ளி நைட்ரேட்டால் அதைச் சுட்டார். கண்டறிதலும் சிகிச்சையும் ஒரே வழியில் நடந்தன.

அப்படியானால் இந்த முறை உடனே பரவியிருக்க வேண்டுமல்லவா? பரவவில்லை. 1879-இல் நிட்சே அமைத்த, சிறுநீர்ப்பையைக் காணும் கருவியோ விரைவில் வழக்கத்துக்கு வந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உறுப்பின் அமைப்பே. சிறுநீர்ப்பை மெல்லிய பை; நீர் விட்டால் எளிதில் விரியும். கருப்பையோ பேரிக்காய் அளவுள்ள, தடித்த தசைச் சுவர் கொண்ட உறுப்பு. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அழுத்தம் கொடுத்தால்தான் இடைவெளி உண்டாகும். தொட்டால் உதிரம் கசிந்து காட்சியை மறைக்கும். போதாததற்கு, வெளியே எரியும் விளக்கின் ஒளி குழாயின் முனைக்குப் போய்ச் சேருவதற்குள் மங்கிவிடும்.

இத்தடைகள் ஒவ்வொன்றாகவே நீங்கின. 1914-இல் ஹைன்பர்க் நீரால் உதிரத்தைக் கழுவும் ஏற்பாட்டைச் செய்தார். 1925-இல் ரூபின் கரியமில வாயுவைச் செலுத்திக் கருப்பையை விரித்தார். 1954-இல் இங்கிலாந்தில் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். இதன் பயனாக, விளக்கின் சூடு வெளியிலேயே தங்க, ஒளி மட்டும் உள்ளே சென்றது. 1970-இல் சுவீடனைச் சேர்ந்த எட்ஸ்ட்ரோமும் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் உதிரத்துடன் எளிதில் கலக்காத, கெட்டியான டெக்ஸ்ட்ரான் கரைசலைப் பயன்படுத்தித் தெளிவான காட்சியைப் பெற்றனர். பந்தலியோனி பார்த்து அப்போது நூறாண்டு கடந்திருந்தது! 1976-இல் அமெரிக்காவில் நியூவிர்த்தும் அமீனும் வயிற்றைக் கிழிக்காமலே, அகநோக்கியின் துணையால் நார்த்திசுக் கட்டிகளை வெட்டி எடுத்ததை வெளியிட்டனர்.

ஒவ்வொரு வசதியுடனும் ஓர் அபாயமும் வந்தது. கருப்பையை விரிக்கும் திரவம் இரத்தக் குழாய்களுக்குள் புகக்கூடும். உப்பில்லாத கரைசல் மிகுதியாகப் புகுந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளை வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவேதான் உள்ளே சென்ற திரவமும் வெளியே வந்த திரவமும் கவனமாக அளக்கப்படுகின்றன. இயன்ற இடங்களில் உப்புநீர்க் கரைசலே பயன்படுத்தப்படுகிறது.

இன்று 5 மில்லிமீட்டருக்கும் மெல்லிய அகநோக்கிகள் உள்ளன. பல பெண்களுக்கு மயக்க மருந்தின்றியே சோதனை முடிந்துவிடுகிறது. எல்லோருக்கும் அப்படியல்ல, சிலருக்குக் கடும் வலி உண்டாகும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. சோதனையை நிறுத்தச் சொல்லவும், மயக்க மருந்து கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கருவுற்றிருக்கும்போதும், இடுப்புப் பகுதி உறுப்புகளில் கிருமித் தொற்று இருக்கும்போதும் இச்சோதனை செய்வதில்லை.

1869-இல் அந்தப் பெண்ணுக்கு இருந்த அறிகுறியை இன்றும் பலர் வெட்கத்தால் மறைக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பின் உதிரம் காணுவது சில வேளைகளில் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விளக்கு ஆயத்தமாக இருக்கிறது. அதன் பயன் நோயாளியைச் சேர, முதலில் அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.