தடுப்புப் பூட்டு

தடுப்புப் பூட்டு என்பது, சாவி சுழலும் வழியில் அசையாத தகடுகளை நிறுத்தி, அவற்றுக்கு ஒத்த வெட்டுகள் கொண்ட சாவியை மட்டும் சுழல விடும் பூட்டு வகையாகும். பூட்டுக்கூட்டின் உட்சுவரில் தறையடித்துப் பொருத்தப்படும் இத்தகடுகள் தடுப்புகள் எனப்படும். சாவியின் பல்லில் தடுப்பு வரும் இடத்தில் பள்ளம் இருந்தால் சாவி தடையின்றிச் சுழன்று, தன் முனையால் தாழை நகர்த்தும் அல்லது தொங்கு பூட்டின் வளையத்தைப் பற்றியிருக்கும் வில்தகட்டை விலக்கும். பள்ளம் இடம் தவறினால் பல் தடுப்பில் முட்டி நின்றுவிடும்.

உரோமானியர் காலத்திலேயே தடுப்புகள் வழக்கத்தில் இருந்தன. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயக் கதவுகளுக்கும் பணப்பெட்டிகளுக்கும் செய்யப்பட்ட பூட்டுகளில் அவை பல சுற்றுகளாகப் பெருகின. சாவிப் பற்கள் சிலுவை வடிவிலும் படிக்கட்டு வடிவிலும் நுணுக்கமாக வெட்டப்பட்டன. அவ்வளவு உழைப்புக்கும் ஏற்ற காவல் கிடைக்கவில்லை. எத்தனை தடுப்புகள் இருந்தாலும் பூட்டைத் திறப்பது சாவியின் முனை ஒன்றே என்பதால், இடைப்பகுதி முழுவதையும் அரத்தால் அராவி நீக்கிவிட்டு முனையை மட்டும் விட்டுவைத்த மெலிந்த சாவி ஒன்று பல பூட்டுகளைத் திறந்துவிடும். இக்குறையைப் போக்க, 1778இல் இங்கிலாந்தில் இராபர்ட் பேரன், சாவியால் சரியான உயரத்துக்குத் தூக்கப்பட்டாலன்றித் தாழை விடாத அசையும் தகடுகளைப் புகுத்தினார். லீவர் எனப்படும் இத்தகடு, தேவைக்குக் குறைவாக உயர்ந்தாலும் கூடுதலாக உயர்ந்தாலும் தாழை விடுவதில்லை. 1784இல் ஜோசப் பிராமாவும், 1818இல் ஜெரமையா சப்பும் மேலும் கடினமான பூட்டுகளை அமைத்தனர். அவ்விருவர் பூட்டுகளையும் 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஹாப்ஸ் திறந்து காட்டினார். இவ்வளவுக்குப் பின்னும் தடுப்புப் பூட்டு மறையவில்லை. அசையும் உறுப்புகள் மிகச் சிலவே உள்ள அது, தூசியும் மழையும் படும் வெளிவாயிலிலும் எளிதில் சிக்கிக்கொள்வதில்லை. செய்வதற்கும் செலவு குறைவு.

இந்தியாவில் அலிகாரில் ஜான்சன் நிறுவனம் 1870இல் இங்கிலாந்துப் பூட்டுகளை வரவழைத்து விற்கத் தொடங்கி, பின்னர் அங்கேயே உற்பத்தியிலும் இறங்கியது. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் பூட்டு என்றதும் நினைவுக்கு வரும் ஊர் திண்டுக்கல். 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி போன்ற பகுதிகளின் பட்டறைகளில், இரும்புத் தகட்டையும் பித்தளையையும் வெட்டி, வளைத்து, அராவிக் கையாலேயே செய்யப்படுவது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணியொலி எழுப்பும் மணிப்பூட்டு, திறக்கும் வழி மறைத்துவைக்கப்பட்ட தந்திரப் பூட்டு எனப் பல வகைகள் அங்கு உண்டு. அவற்றுள் சிறந்தவற்றின் காவல் லீவர் தகடுகளைச் சார்ந்தது. ஒவ்வொரு பூட்டின் தகடுகளையும் அதன் சாவிக்கேற்பத் தனியே அராவிச் சேர்ப்பது கைவினைஞரின் திறமை.

ஆகவே, பழைய பூட்டு ஒன்று கைக்கு வந்தால், அது தடுப்பு வகையா, லீவர் வகையா என்று முதலில் தெளிவது இன்றியமையாதது. ஒன்றைத் திறக்கும் முறை மற்றதைக் கெடுத்துவிடக்கூடும். சாவி இருந்தால் வேலை எளிது. தட்டையான சாவியின் இரு விளிம்பிலும் ஒரே அளவில் எதிரெதிராகச் சதுரப் பள்ளங்கள் இருந்தால் அது பெரும்பாலும் தடுப்புப் பூட்டின் சாவி. பல்லின் விளிம்பு வெவ்வேறு உயரப் படிகளாக அமைந்திருந்தால் அது லீவர் சாவி. சாவி இல்லாதபோது துவாரத்தினுள் விளக்கொளி பாய்ச்சி, மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தினால் அசைந்து, விட்டதும் வில்லால் திரும்பும் தகடுகள் அடுக்காகத் தென்பட்டால் அவை லீவர்கள். சற்றும் அசையாத விளிம்புகள் தட்டுப்பட்டால் அவை தடுப்புகள். துவாரத்தின் நடுவே முளை ஒன்று நின்றால், அதன்மேல் பொருந்தும் குழல் தண்டுச் சாவி தேவை. இம்முளை இரு வகைகளிலும் காணப்படுவதால் அதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

துருப்பிடித்த பூட்டில் மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ சில துளிகள் விட்டு, ஊறிய பின்னரே எதையும் முயல வேண்டும். தடுப்புப் பூட்டுக்குப் புதுச் சாவி செய்வோர், பள்ளம் வெட்டாத சாவித் தகட்டை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படியச் செய்து, உள்ளே விட்டு மெதுவாகத் திருப்புவர். தடுப்பில் உராய்ந்த இடங்களில் கரி அழிந்திருக்கும். அங்கே மட்டும் சிறிது சிறிதாக அராவி, மீண்டும் கரி பிடித்துப் பார்த்துச் சென்றால் முனை வில்தகட்டைத் தொடும் நிலை வரும். வலிந்து திருப்பினால் தகடு உள்ளேயே முறிந்துவிடும். இம்முறையில் பொறுமையே முதன்மையான கருவி. லீவர் பூட்டுக்கு இவ்வழி போதாது. ஒவ்வொரு தகட்டின் உயரத்தையும் தனித்தனியே கண்டறியத் தெரிந்த பட்டறைக்காரர் அதற்குத் தேவை.

சாவி தொலைந்த பழம்பூட்டை வாள்கொண்டு அறுப்பதே இன்று பரவலான வழக்கமாக இருப்பது வருந்தத்தக்கது. இயந்திரத்தில் வார்த்த மலிவுப் பூட்டுகளின் போட்டியால் திண்டுக்கல்லில் இக்கைத்தொழில் சுருங்கிவருகிறது; அறுக்கப்பட்ட கைவேலைப் பூட்டுக்கு ஈடாக அதே போன்ற இன்னொன்றை இன்று எளிதில் பெற இயலாது. வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ அத்தகைய பூட்டு கிடைத்தால், அறுப்பதற்கு முன் அதை ஒரு முறையேனும் பூட்டுப் பட்டறைக்குக் கொண்டுசென்று காட்டுதல் வேண்டும்.